வேகமும் கட்டுப்பாடும்: நம் குடியிருப்புக்கு எந்த ஷட்டில் பேட்?

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில்.)



அஜெண்டாவில் லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் மோட்டார், பார்க்கிங் எல்லாம் முடிந்து கடைசியில் "விளையாட்டுச் சாமான் வாங்குவது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் மைக் முன்னால் நிற்கிறேன். கடைசி அயிட்டம் வருவதற்குள் பாதி நாற்காலி காலியாகிவிடும் என்று நினைத்தேன். உட்கார்ந்திருப்பதற்கு நன்றி. சமோசா இன்னும் வரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விஷயம் இதுதான். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில் கோடு போட்டு, வலை கட்டி, லைட்டும் போட்டாயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆட இடம் கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது. ரொம்ப சந்தோஷம். காந்தி மார்க்கெட் பக்கம் குடியிருந்துகொண்டு, இரவு லாரிச் சத்தம் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கார்க் சத்தம் கேட்பது நல்லதுதான். இப்போது பொதுவில் ஆறு பேட் வாங்கச் சங்கப் பணத்தை ஒதுக்க வேண்டும் என்று தீர்மானம் வந்திருக்கிறது. நம் இளைஞர்கள் ஒரு மாடலையும் சொல்லியிருக்கிறார்கள். தலை கனமாக, தண்டு விறைப்பாக, அடித்தால் டமார் என்று போகிற பேட். ஆறும் ஒரே மாதிரி. "ஒரே மாதிரி வாங்கினால் சண்டை வராது அங்கிள்" என்கிறார்கள்.

சண்டை வராது என்பது சரி. ஆனால் அந்தக் கோர்ட்டில் எட்டு வயதுக் குழந்தையும் ஆடுகிறது, எழுபதை நெருங்குகிறவரும் ஆடுகிறார். ஏற்கெனவே இரண்டு பேர் முழங்கையில் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அதனால்தான் இந்த ஒரு வரியைச் சாதாரணமாகக் கை தூக்கி நிறைவேற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் விளையாட்டு ஆசிரியர் இல்லை. பி.காம். படித்து, வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ரிக்ரியேஷன் கிளப்பில் பல வருஷம் ஷட்டில் ஆடியிருக்கிறேன். சக ஊழியர்கள் பேட் வாங்கப் போகும்போது கூடவே போய், வாங்குவதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்கிற ஆள் நான்தான். அந்தக் கேள்விகளைத்தான் உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

முதலில் சுருக்கமாக: வேகத்தைக் கைதான் தர வேண்டும். நமக்குப் பொருத்தமான பேட் தருவது கட்டுப்பாடு. கையில் இல்லாத வேகத்தை பேட்டிடம் கடன் வாங்கினால், வட்டியைத் தோளும் முழங்கையும் கட்டும்.

தலை கனமா, பிடி கனமா?

மார்க்கெட் பக்கம் இளநீர் சீவுகிறவரின் அரிவாளைப் பாருங்கள். முன்பக்கம் அகலம், கனம். அவர் ஓங்குகிறார், இறங்கும்போது பாதி வேலையை அரிவாளின் கனமே செய்துவிடுகிறது. ஆனால் ஓங்கிய பிறகு நடுவில் திசை மாற்ற முடியாது. அதே அரிவாளைக் கொடுத்து பீன்ஸ் நறுக்கச் சொன்னால் நடக்குமா? அதற்குக் கைக்குள் அடங்குகிற சின்னக் கத்தி வேண்டும்.

பேட்டும் அப்படித்தான். எடை தலைப்பக்கம் கூடுதலாக இருந்தால் ஸ்மாஷ் அடிக்கும்போது வேகம் கிடைக்கும். ஆனால் அடுத்த அடிக்கு பேட்டைத் திருப்பிக் கொண்டுவரத் தாமதமாகும். எடை பிடிப்பக்கம் இருந்தால் பேட் கையில் சுழலும், வலைக்கு அருகில் சட்டென்று தடுக்கலாம், நினைத்த இடத்தில் போடலாம். ஆனால் வேகத்துக்கு உங்கள் கைதான் உழைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சமநிலை பேட் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரர் தயவு தேவையில்லை. அந்தக் காலத்து வெள்ளிக்கோல் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். கோலின் ஒரு பக்கம் குண்டு, தூக்கிப் பிடிக்கும் கயிற்றை நகர்த்தி நகர்த்திச் சமன் பார்ப்பார்கள். அதேபோல பேட்டின் தண்டை ஆள்காட்டி விரல் மேல் படுக்கவைத்து நகர்த்துங்கள். எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அந்த இடத்துக்கும் பிடியின் அடிப்பகுதிக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று டேப்பால் அளங்கள். 285-க்குக் கீழே என்றால் தலை லேசான பேட். 285 முதல் 295 வரை சமநிலை. 295-க்கு மேலே என்றால் தலை கனம். கம்பெனிக்குக் கம்பெனி சிறு வித்தியாசம் இருந்தாலும் பொதுவாக இந்தக் கணக்குச் சரியாக வரும்.

ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். பேட்டின் மொத்த எடையே நூறு கிராம்கூட இல்லை. அதில் கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கை உடனே உணரும். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை வீசுகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் கோர்ட்டில் எப்போதும் நாலு பேர் ஆட்டம்தான். இரட்டையர் ஆட்டத்தில் கார்க் வேகமாகத் திரும்பி வரும். ஒரு ஸ்மாஷ் அடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராக முடியவில்லை என்றால் அந்த ஸ்மாஷால் லாபமில்லை.

4யூ, ஜி5 என்றால் என்ன?

பேட்டின் பிடிக்கு மேலே கூம்பு போன்ற இடத்தில் இப்படி எழுதியிருக்கும். பலரும் இதை மாடல் நம்பர் என்று நினைக்கிறார்கள். முதல் பாதி எடை. பழக்கத்தில் உள்ள கணக்குப்படி 3யூ என்றால் 85 முதல் 89 கிராம். 4யூ என்றால் 80 முதல் 84. 5யூ என்றால் 75 முதல் 79. எண் ஏற ஏற எடை குறையும். வங்கியில் கிரேடு கூடினால் சம்பளம் கூடும், இங்கே தலைகீழ்.

இரண்டாவது பாதி பிடியின் சுற்றளவு. இதிலும் பெரும்பாலான கம்பெனிகளில் எண் கூடினால் பிடி சிறியது. பிடித்துப் பார்க்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் சரி. பிடி சிறிதாக இருந்தால் மேலே கிரிப் சுற்றிப் பெரிதாக்கலாம். பெரிதாக இருப்பதைச் சிறிதாக்க முடியாது. சந்தேகம் வந்தால் சிறியதையே எடுங்கள். பிடி மேல் கிரிப் சுற்றினால் எடை கொஞ்சம் கைப்பக்கம் வரும், தலை லேசாகும் என்பது கூடுதல் ஆதாயம்.

தண்டு வளையுமா?

ஒரு கையால் பிடியையும் மறு கையால் தலையின் உச்சியையும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைகிற தண்டு, சாட்டை போல வேலை செய்யும். மெதுவாக வீசுகிறவருக்கும் கார்க் பின்கோடு வரை போகும். வளையாத விறைப்பான தண்டு, மிக வேகமாக வீசுகிறவருக்குத் துல்லியம் தரும். மெதுவாக வீசுகிறவர் அதை வைத்து அடித்தால் பலகையால் அடித்த மாதிரி இருக்கும்; கார்க் பாதியில் விழும்; இன்னும் பலமாக அடிப்பார்; அதிர்வு நேராக முழங்கைக்குப் போகும்.

இளைஞர்கள் சொல்கிற மாடலில் தலையும் கனம், தண்டும் விறைப்பு. தினமும் பயிற்சி எடுக்கிற, மணிக்கட்டு பழகிய ஆட்டக்காரருக்கு அது அருமையான பேட்தான். குறை பேட்டில் இல்லை. அதை வீட்டு வேலை முடித்து அரை மணி நேரம் ஆட வருகிற அம்மாவின் கையில் கொடுப்பதில்தான் இருக்கிறது.

நரம்பும் டென்ஷனும்

நரம்பை நம் பக்கம் "கட்" என்பார்கள். எத்தனை பவுண்டு இழுவையில் கட்டுவது என்பதுதான் டென்ஷன். ஆட்டத்துக்கு வருவதே டென்ஷன் குறையத்தான் என்பதால், இதிலும் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வேன். காரணம் உண்டு.

கயிற்றுக் கட்டிலில் கயிறு தளர்வாக இருந்தால் குழந்தை குதிக்கும்போது மேலே தூக்கிப் போடும். இறுகக் கட்டியிருந்தால் அவ்வளவு துள்ளாது. நரம்பும் அப்படியே. 20 முதல் 22 பவுண்டு என்றால் கார்க் தானாகத் துள்ளும், நடுப்புள்ளியில் படாவிட்டாலும் ஓரளவு போகும். 24, 25 போகும்போது துள்ளல் குறையும். எங்கே வைக்கிறோம் என்பது துல்லியமாகும். சர்வதேச ஆட்டக்காரர்கள் 28, 30 பவுண்டுக்கு மேலும் கட்டுகிறார்கள். அவர்கள் ஒவ்வொரு அடியும் நடுப்புள்ளியில் அடிப்பார்கள். நாம் ஓரத்தில் அடிக்கிறவர்கள். நமக்கு 30 பவுண்டு கட்டினால் கார்க்கும் போகாது, கையும் நோகும்.

கவனியுங்கள், இங்கே வேகமும் கட்டுப்பாடும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. டென்ஷன் குறைந்தால் வேகம் இலவசமாக வருகிறது. அதனால் தலை லேசான, கட்டுப்பாடு தரும் பேட்டை எடுத்து, நரம்பைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். நான் சொல்கிற சமநிலை இதுதான். பாலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கமும் டாலியாக வேண்டும்.

565 கிலோமீட்டர்

"அங்கிள், தலை லேசான பேட்டில் ஸ்மாஷே வராது" என்று ஒரு தம்பி சொன்னார். அவருக்காக ஒரு தகவல். ஆந்திராவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி, சிராக் ஷெட்டியோடு இரட்டையர் ஆடுகிறவர், 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் யோனெக்ஸ் தொழிற்சாலையில் நடந்த சோதனையில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று பதிவாகி கின்னஸில் இடம்பெற்றது. அவர் அதற்குப் பயன்படுத்திய நானோஃபிளேர் 1000 இசட், தலை லேசான வகையைச் சேர்ந்தது.

உடனே அதை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அதன் தண்டு மிக விறைப்பானது. சாத்விக்கின் கைக்காகச் செய்தது போன்ற பேட் அது. நான் சொல்ல வருவது, வேகம் தலை கனத்திலிருந்துதான் வரும் என்ற நம்பிக்கை சரியில்லை என்பதை. தோள், முன்கை, மணிக்கட்டு மூன்றும் சரியான நொடியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்றால் வேகம் வரும். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற லோடுமேனைப் பாருங்கள். ஆள் ஒல்லியாக இருப்பார். இடுப்பு, முழங்கால், தோள் மூன்றையும் ஒரே தாளத்தில் சேர்ப்பதால் வெங்காய மூட்டை அவர் முதுகில் ஏறுகிறது.

பூப்பந்து ஆடிய கைகளுக்கு

நம்மில் என் வயதுக்காரர்கள் பலர் பள்ளியிலும் கல்லூரியிலும் பூப்பந்து ஆடியவர்கள். தஞ்சாவூர் அரண்மனைப் பக்கம் பிறந்ததாகச் சொல்லப்படும் நம் மண்ணின் ஆட்டம். 1954-இல் அதற்கென்று அகில இந்தியச் சம்மேளனமே வந்துவிட்டது. பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டருக்கு 12 மீட்டர் மைதானம், மஞ்சள் கம்பளிப் பந்து. மரப் பேட்டை மழைக்காலத்தில் கோணாமல் இருக்க பிரஸ்ஸில் முறுக்கி வைத்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்தப் பந்தின் எடை 27 முதல் 30 கிராம். இறகுக் கார்க்கின் எடை 4.74 முதல் 5.50 கிராம். ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். கனமான பந்தை முழுத் தோளாலும் அடித்துப் பழகிய கை, ஷட்டிலிலும் அதையே செய்யப் பார்க்கும். கனமான பேட் கையில் இருந்தால்தான் அடித்த திருப்தி வரும். அதனால்தான் நம் வயதுக்காரர்களும் இளைஞர்களோடு சேர்ந்துகொண்டு "கனமான பேட்டே நல்லது" என்கிறார்கள். ஐந்து கிராம் கார்க்குக்கு அவ்வளவு பலம் வேண்டாம். மணிக்கட்டு போதும்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் அதை டென்னிஸ் எல்போ என்பார்கள். டென்னிஸ் ஆடவேண்டும் என்று அவசியமில்லை. பால் பாக்கெட்டைத் தூக்கும்போது, துணி பிழியும்போது, காபி டம்ளரை எடுக்கும்போது சுரீர் என்றால் அது ஒரு அடையாளம். பேட்டை இறுக்கிப் பிடிப்பது, கைக்கு மீறிய எடை, அதிக டென்ஷன், பின்கை அடியைத் தாமதமாக அடிப்பது எல்லாம் அதைக் கூட்டும். ஸ்பிரே அடித்துக்கொண்டு தொடர்ந்து ஆடாதீர்கள். சில வாரம் ஓய்வு கொடுங்கள், டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். ஆடுவதற்கு முன் பத்து நிமிஷம் கை கால் உதறிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். பேட்டைக் குருவியைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. அடிக்கிற நொடியில் மட்டும் பிடி இறுகினால் போதும்.

கார்க்கின் நிறம்

பேட் கட்டுப்பாடு தரவில்லை என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை கார்க்கைப் பாருங்கள். பிளாஸ்டிக் கார்க்கின் தலையைச் சுற்றி ஒரு நிறப் பட்டை இருக்கும். பச்சை என்றால் மெது, நீலம் என்றால் நடுத்தரம், சிவப்பு என்றால் வேகம். வெயில் ஊரில் காற்று லேசாக இருப்பதால் கார்க் கூடுதல் தூரம் பறக்கும். திருச்சி வெயிலுக்குப் பச்சைப் பட்டைதான் பொருந்தும். கடையில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆடி மாதக் காற்றில் இரண்டு பிளாக்குக்கு நடுவே கார்க் ஆடுகிற ஆட்டத்துக்கு எந்த பேட்டும் மருந்தில்லை. அன்றைக்குக் குழந்தைகளோடு கேரம் ஆடலாம்.

பேடல் பற்றிக் கேட்டவர்களுக்கு

துபாயிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் பேடல் ஆடுவதாகவும், ஊருக்கு வரும்போது அதற்கு என்ன பேட் வாங்கி வரச் சொல்லலாம் என்றும் இரண்டு குடும்பத்தார் கேட்டார்கள். நம் இடத்தில் அதற்குக் கோர்ட் போட முடியாது. இருபது மீட்டருக்குப் பத்து மீட்டர், சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும் வேண்டும். ஆனால் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

1969-இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிக்கே கோர்க்குவேரா என்பவர் தன் வீட்டு வளாகத்தில் ஆரம்பித்த ஆட்டம் அது. அதன் பேட்டில் நரம்பே கிடையாது. கெட்டியான பலகை போல இருக்கும், நடுவில் துளைகள். தடிமன் 38 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. எடை சுமார் 350 முதல் 375 கிராம். கை தவறிப் பறந்து அடுத்தவர் மேல் படாமலிருக்க, பிடியில் உள்ள கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும்.

அதில் வேகமா கட்டுப்பாடா என்பதை வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வட்டமாக இருந்தால் கனம் பிடிப்பக்கம், நல்ல அடி விழும் இடம் நடுவில், அகலமாக இருக்கும், கட்டுப்பாட்டுக்கு அது. வைரம் போல மேல்பக்கம் அகன்றிருந்தால் கனம் மேலே, வேகத்துக்கு. கண்ணீர்த்துளி வடிவம் நடுத்தரம். உள்ளே இருக்கும் ஃபோம் மெத்தென்றிருந்தால் மெதுவாக அடித்தாலும் பந்து துள்ளும், கைக்கும் இதம். கெட்டியாக இருந்தால் ஓங்கி அடிக்கிறவருக்கு.

அந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் ஓங்கி அடித்தால் பந்து தரையில் பட்டு, பின்சுவரில் மோதி, எதிராளி வசதியாக அடிக்கிற மாதிரி திரும்பி வந்து நிற்கும். அளவாக அடித்தால் சுவரோரமே செத்து விழும். ஆகவே புதிதாக ஆடுகிறவருக்கு வட்ட வடிவ பேட் போதும். பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

பேட் வாங்கப் போகும்போது இவற்றை மட்டும் மறக்காதீர்கள்.

ஒன்று. யார் ஆடப் போகிறாரோ அவரையே அழைத்துப் போங்கள். அப்பா கைக்குப் பிடித்தது பெண் கைக்குப் பிடிக்காது.

இரண்டு. தலை முட்டை வடிவமாக இல்லாமல், மேல்பக்கம் சற்றுச் சதுரமாக இருப்பதை எடுங்கள். நல்ல அடி விழும் இடம் அதில் பெரிது.

மூன்று. இரும்புத் தண்டு, அலுமினியத் தலை உள்ள மலிவு ஜோடி பேட்கள் குழந்தைகள் நாலு நாள் விளையாட. தொடர்ந்து ஆடுவதற்கு முழு கிராஃபைட் பேட் வாங்குங்கள். இரண்டாயிரம் ரூபாய் சுமாரிலேயே நல்லது கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ஆயிரத்துக்கும் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று கேளுங்கள். "பெரிய பிளேயர் வைத்திருக்கிறார்" என்பது பதிலாகாது.

நான்கு. பெரிய கம்பெனிப் பெயரில் போலிகள் உலவுகின்றன. கள்ள நோட்டு எப்படித் தொட்டதும் தெரியுமோ அப்படி, பழகிய கைக்கு இதுவும் தெரியும். பழகாதவர்கள் சீரியல் எண்ணையும் ஹாலோகிராமையும் பாருங்கள், பில் கேளுங்கள். வீட்டில் சமையல் தராசு இருந்தால் நரம்பும் கூடுதல் கிரிப்பும் இல்லாத பேட்டை நிறுத்துப் பாருங்கள். 4யூ என்று எழுதிவிட்டு 95 கிராம் காட்டினால் சந்தேகப்படலாம்.

ஐந்து. எத்தனை பவுண்டு வரை தாங்கும் என்று பேட்டிலேயே போட்டிருக்கும். அதற்கு மேல் கட்டச் சொல்லாதீர்கள். நரம்பு ஒன்று அறுந்தால் மற்றவற்றையும் உடனே நறுக்கி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் இழுவை ஒரு பக்கமாகி ஃபிரேம் கோணும். வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டை வைக்காதீர்கள்.

என் யோசனை

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். ஆறு பேட்டையும் ஒரே மாதிரி வாங்க வேண்டாம். ஒதுக்கிய தொகைக்குள்ளேயே இப்படிப் பிரிக்கலாம்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நீளம் குறைந்த ஜூனியர் பேட் இரண்டு. பெரியவர்கள் பேட்டைக் கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தப்பான பழக்கம் வந்துவிடும். மூத்தவர்களுக்கும் புதிதாக ஆட வருகிறவர்களுக்கும் 5யூ, தலை லேசாக, தண்டு வளைகிற மாதிரி இரண்டு. நரம்பு 20 அல்லது 21 பவுண்டு. ஓரளவு ஆடத் தெரிந்தவர்களுக்கு 4யூ, சமநிலை, நடுத்தரத் தண்டு, இரண்டு. நரம்பு 23 அல்லது 24 பவுண்டு.

சண்டை வராமலிருக்க வழி இருக்கிறது. ஜூனியருக்கு மஞ்சள் கிரிப், மூத்தவர்களுக்குப் பச்சை, மற்றவர்களுக்கு நீலம் சுற்றிவிடலாம். செக்யூரிட்டி அறையில் ஒரு ரெஜிஸ்டர். எடுக்கும்போது ஃபிளாட் நம்பர், வைக்கும்போது கையெழுத்து. ரெஜிஸ்டர் பார்ப்பது எனக்குப் பழகின வேலை. அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். மிச்சமாகும் பணத்தைச் செலவழிக்காமல் நரம்பு மாற்றவும் பச்சைப் பட்டைக் கார்க் வாங்கவும் வைத்துக்கொள்ளலாம். பேட் வாங்குவது ஒரு நாள் செலவு. நரம்பும் கார்க்கும் மாதாமாதம் வரும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்மாஷ் பேட் வேண்டும் என்றால் நீங்கள் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு அது பொருந்தினால் எனக்கும் மகிழ்ச்சி. நானும் நின்று கைதட்டுவேன். பொதுச் சொத்து என்பது மட்டும் எல்லோர் கைக்கும் பொருந்த வேண்டும். பலவீனமான கையை மனதில் வைத்து வாங்கினால் பலமுள்ளவரும் அதில் ஆட முடியும். பலமுள்ளவருக்காக வாங்கியதில் மற்றவர்கள் ஆட முடியாது; ஆடினால் முழங்கைக்குப் பட்டை வாங்க வேண்டியிருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வீட்டில் இருக்கிற பேட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வாருங்கள். டேப் நான் கொண்டுவருகிறேன். உங்கள் பேட் தலை கனமா, பிடி கனமா என்று அளந்து கிரிப்பின் மேல் எழுதித் தருகிறேன். அதற்குப் பிறகு தீர்மானத்துக்குக் கை தூக்கலாம்.